பானைக்குள் பானை: பலமனேரில் ஒரு வார அறிவியல் பாடம்

நான்காம், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆவியாதலைக் கற்றுத்தர சித்தூர் மாவட்டத்துப் பலமனேரைவிடத் தோதான ஊர் குறைவு. சுடுமண் வேலைக்குப் பெயர்போன ஊர். சுற்றிலும் தக்காளித் தோட்டங்கள். மதனப்பள்ளிச் சந்தையில் விலை விழுந்தால் பழத்துக்கு என்ன கதி என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரியும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் பிப்ரவரி, மார்ச்சில் காற்று நன்றாக வறண்டு கிடக்கும். மண், தக்காளி, வறண்ட காற்று மூன்றும் சேர்ந்தால் மின்சாரம் தேவைப்படாத ஒரு குளிர்பெட்டியைப் பிள்ளைகளே செய்துவிடலாம்.

செய்முறை வகுப்பு என்றால் ஆசிரியர் மேசையில் ஒன்றைச் செய்துகாட்ட, வகுப்பே கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பது என்று ஆகிவிட்டது. அங்கே பிள்ளை எதையும் முடிவு செய்வதில்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது, எங்கே வைப்பது, எப்போது அளப்பது என்பதையெல்லாம் பிள்ளை தானே தீர்மானிக்க வேண்டும். இதற்கு வழிகாட்டி வெளி மாவட்டத்தில் இல்லை. இதே சித்தூர் மாவட்டத்தில், குப்பத்துக்கு அருகே இருக்கிறது. 1999-இல் ராம்ஜி ராகவன் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளை அங்கே 172 ஏக்கரில் வளாகம் அமைத்து, மலிவான பொருள்களில் செய்த மாதிரிகளை வண்டிகளில் ஏற்றி அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறது. ஒரு பிள்ளை கற்றதை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பது அவர்களுடைய முறைகளில் ஒன்று. அந்த முறை கீழே நமக்கும் உதவும்.

முதல் நாள் மண்ணிலிருந்து தொடங்குங்கள். ஏரி மண், தோட்டத்து மண், பள்ளி வாசல் மண் என்று மூன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒளி ஊடுருவும் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள். நன்றாகக் குலுக்கி, அசைக்காமல் வைக்க வேண்டும். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கிவிடும். வண்டலுக்குச் சில மணி நேரம் ஆகும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். அளவுகோலை வைத்து ஒவ்வொரு படிவின் உயரத்தையும் அளந்து எழுதட்டும். பிறகு ஊரில் பானை செய்யும் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள், அல்லது பிள்ளைகளை அவரிடம் கூட்டிப்போங்கள். எந்த மண்ணை எடுப்பார், ஏன் மணல் கலக்கிறார், சூளையில் சுடாவிட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகள்தான் கேட்க வேண்டும். நீங்கள் இடையில் விளக்கம் சொல்லாதீர்கள். அன்றைக்கு அவர்தான் ஆசிரியர்.

இரண்டாம் நாளுக்கு இரண்டு வெப்பமானிகள் போதும். சிவப்புத் திரவம் உள்ளவையாக வாங்குங்கள். பாதரசம் பள்ளிக்கு வேண்டாம், காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்குப் பயன்படாது. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் நிழலில் தொங்கவிடுங்கள். அளப்பதற்கு முன்பே எது குறையும், எவ்வளவு குறையும் என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் ஊகத்தை எழுதிவிட வேண்டும். ஊகம் எழுதும் இந்தப் படியை மட்டும் எந்த வகுப்பிலும் விட்டுவிடாதீர்கள். எழுதி வைத்த ஊகம் பொய்க்கும்போதுதான் பிள்ளைக்குக் காரணம் தேடும் வேகம் வருகிறது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் நிறைந்த ஊர் இது; ஊகத்தை வாய்க்கு வரும் மொழியில் எழுதட்டும்.

இனி பானை. பெரியது ஒன்று, அதற்குள் இரண்டு விரல் இடைவெளியோடு அடங்கும் சிறியது ஒன்று. வண்ணமோ மெருகோ பூசாத பானைகளாக இருக்க வேண்டும். பூச்சு நுண்துளைகளை அடைத்துவிடும். பூந்தொட்டி என்றால் அடித்துளையைக் களிமண்ணால் அடையுங்கள். பெரிய பானையின் அடியில் மணல் பரப்பி, சிறியதை உள்ளே இறக்கி, சுற்றிலும் மணல் நிரப்பி, மணல் ஊறும்வரை தண்ணீர் ஊற்றி, நனைத்த சாக்குத்துணியால் வாயை மூட வேண்டும். நைஜீரியாவின் முகமது பா அப்பா 1995-இல் ஊர்மக்களுக்காக வடிவமைத்தது இதுவே. 2000-இல் அதற்கு ரோலெக்ஸ் விருது பெற்றார். அவரும் பானை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பானையில் காய் எத்தனை நாள் கெடாமல் இருந்தது என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் பிள்ளைகள் அந்த எண்ணை எதிர்பார்த்தே அளப்பார்கள்.

இங்கேதான் பாடத்தின் கடினமான கேள்வி வருகிறது. பானைக்குள் ஐந்து தக்காளி, வெளியே கூடையில் ஐந்து தக்காளி என்று வைத்தால் போதும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பானையில் பழம் நன்றாக இருந்தால் அது தண்ணீராலா, நிழலாலா, மூடி வைத்ததாலா? கேட்டுவிட்டுக் காத்திருங்கள். யாராவது ஒருவர், தண்ணீர் ஊற்றாத இன்னொரு பானையும் வேண்டும் என்பார். பத்து நிமிடம் மௌனமாகப் போனாலும் பரவாயில்லை, அந்த யோசனை அவர்களிடமிருந்தே வரட்டும். ஆக, ஈரப்பானை, காய்ந்த மணல் பானை, கூடை என மூன்று. ஒரே தோட்டத்துச் செங்காயாக, ஒரே நாளில் பறித்ததாக எடுத்து, ஒரே அறையில் காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும்.

அடுத்த நாள்களில் காலை 10, நண்பகல் 12, பிற்பகல் 2, மாலை 4 மணிக்கு மூன்றின் வெப்பநிலையையும் எழுதி வரைபடம் போடட்டும். ஊற்றும் தண்ணீரையும் அளந்தே ஊற்றச் சொல்லுங்கள். தக்காளியை நிறம், மென்மை, சுருக்கம் பார்த்து மதிப்பிட அவர்களே ஓர் அளவுகோல் வகுக்கட்டும். குழு நான்கு பேருக்கு மேல் போனால் ஒருவர் சும்மா நிற்பார்.

விளக்கம் இதற்குப் பிறகுதான். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும். அதே ஒரு கிராம் ஆவியாகிப் போக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அந்த வெப்பத்தை அது பானையிலிருந்தும் மணலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மேலே கணக்குப் போடலாம்: 100 மில்லி ஆவியானால், கிட்டத்தட்ட ஆறு லிட்டர் தண்ணீரை 10 டிகிரி குளிர்விக்கும் அளவு வெப்பம் போயிருக்கும். நம் பானை அவ்வளவு குளிரவில்லையே, ஏன்? வெளிக்காற்றின் வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வகுப்பு நேரம் கொடுங்கள்.

தொழில்நுட்பப் பாடம் பானையை மாற்றத் தொடங்கும்போது பிறக்கிறது. குஜராத்தின் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர், 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு இதே ஆவியாதலை வைத்துக் களிமண்ணில் குளிர்பெட்டி உருவாக்கினார். கதையைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு மாற்றம் செய்யட்டும்: மணலுக்குப் பதில் தென்னை நார், இடைவெளி கூட்டுவது, சொட்டுச்சொட்டாக நீர் விடும் பாட்டில். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். முடிவுகளை ஆறாம் வகுப்பினர் நான்காம் வகுப்பினருக்கு விளக்கட்டும். அங்கே வரும் கேள்விகளைப் போலத் தேர்வுத்தாள்கூடப் பிள்ளையின் புரிதலைக் காட்டாது.

பானைகளைக் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். அக்டோபர் மழையில், காற்று ஈரமாக இருக்கும்போது, அதே அறையில் அதே சோதனையைத் திரும்பச் செய்து, பிப்ரவரி அளவுகளுக்குப் பக்கத்துப் பத்தியில் புதிய அளவுகளை எழுத வேண்டும். ஈரத்துணி வெப்பமானிக்கும் உலர்ந்ததற்கும் இடையே இருந்த வித்தியாசம் அப்போது சுருங்கியிருக்கும். பானையும் முன்போலக் குளிராது. பானை எந்த மாதங்களில் விவசாயிக்குப் பயன்படும், எந்த மாதங்களில் பயன்படாது என்று பிள்ளைகள் ஒரு பக்க அறிக்கை எழுதி, தக்காளி பயிரிடும் பெற்றோரிடம் கொடுத்து, அவர்கள் சொல்லும் பதிலையும் அதே பக்கத்தில் குறித்து வரட்டும்.