சிறு கணனிகளுக்குச் செய்நிரல் எழுதக் கற்றல்: செயற்கை நுண்ணறிவின் உதவியும் எமது பொறுப்பும்

சலவை இயந்திரம், நீர்த்தாங்கியை நிரப்பும் தன்னியக்க ஆளி, வாகனத்தின் எரிபொருட் கட்டுப்பாடு, வைத்தியசாலையில் அளவாக மருந்து ஏற்றும் கருவி ஆகிய யாவற்றினுள்ளும் இன்று ஒரு சிறு கணனி அமர்ந்திருக்கின்றது. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. உணரிகள் வாயிலாக வெளியுலகை அறிந்து, மோட்டரையோ வால்வையோ இயக்குவதே அதன் வேலை. இவ்வாறு ஒரு பொருளினுள்ளே பதிந்திருக்கும் கணனிக்கு எழுதப்படும் கட்டளைத் தொடரையே உட்பொதி செய்நிரல் என்கின்றோம்.

ஒரு காலத்தில் பொறியியல் பீடங்களுக்கு வெளியே இதனைக் கற்பது அரிதாயிருந்தது. 2005 ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரிலிருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவகமொன்றில், இலத்திரனியல் படிக்காத மாணவரையும் மனதிற்கொண்டு ஆர்டுயினோ என்னும் பலகை உருவாக்கப்பட்டதோடு அந்தக் கதவு திறந்தது. 2022 ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் மற்றொரு கதவும் திறந்துள்ளது. வேண்டியதைத் தமிழில் எழுதிக் கேட்டாலும் சில செக்கன்களில் செய்நிரல் முழுவதும் கைக்கு வந்துவிடுகின்றது.

ஆங்கில நூல்களைப் பெறவும் படிக்கவும் இடர்ப்படும் கிராமத்து இளைஞருக்கு இது பெரும் வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் செய்நிரலைப் பெற்றுக்கொள்வதும் செய்நிரலாக்கத்தைக் கற்றுக்கொள்வதும் ஒன்றுதானா? 2024 ஆம் ஆண்டில் எமது மாலை வகுப்பில் நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

நாற்றுமேடையில் நடந்தது

வகுப்பில் ஆறு பேர் இருந்தனர். பக்கத்துக் காணியில் மகளிர் குழு ஒன்று மிளகாய் நாற்றுமேடை போட்டிருந்தது. ஆவணி வெயில். கிணற்று நீர் உவராகிவிட்டதால் பவுசரில் காசு கொடுத்து எடுத்த நீரை 1000 லீற்றர் தாங்கியில் சேமித்து வைத்திருந்தார்கள். அந்நீரைச் சிக்கனமாக விடுவதற்கு ஒரு கருவி செய்து தருவதாக எமது மாணவர் முன்வந்தனர். ஆர்டுயினோ ஊனோ பலகை ஒன்று, ஒரு ரிலே, மணிக்கு 240 லீற்றர் இறைக்கும் 12 வோல்ற்றுச் சிறு பம்பி ஒன்று, துளையிட்ட குழாய் ஆகியனவே பொருட்கள். நாளுக்கு நான்கு தடவை, தடவைக்கு 30 செக்கன் பம்பி ஓட வேண்டும். அதாவது ஒவ்வொரு முறையும் 2 லீற்றர் நீர்.

செய்நிரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியே எழுதித் தந்தது. மேசையில் சோதித்தபோது சரியாக வேலை செய்தது. மேடையில் பூட்டிய பின்னரும் பத்து நாட்கள் குறையின்றி ஓடியது. வெயில் ஏறவே 2 லீற்றர் போதாமற் போயிற்று. ஒரு நாள் மாலை 5 மணியளவில் ஒரு மாணவர் செய்நிரலில் 30 என்றிருந்ததை 60 என்று மாற்றினார். பம்பி ஓடத் தொடங்கியதைக் கண்டு எல்லோரும் வீடு சென்றோம். அது நிற்கின்றதா என்று ஒரு நிமிடம் காத்திருந்து பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. கற்பித்த எமக்கும் தோன்றவில்லை.

இரவு 9 மணிக்குக் காணியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பிமார், உங்கட மெசின் நிக்குதில்லை, ஓடி வாங்கோ!” நாம் போய்ச் சேர்ந்தபோது தாங்கி வெறுமையாகி விட்டது. மேடையின் மண் கரைந்து நாற்றுக்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. நீரின்றி ஓடிய பம்பி கருகி மணந்தது.

மறுநாட் காலை மகளிர் குழுவிலிருந்து ஒரு தாய் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. “இதை ஆர் தம்பி எழுதினது?” என்று மட்டும் கேட்டார். “நாங்கள் எழுதேல்லை அக்கா, ஏ.ஐ. எழுதித் தந்தது” என்றார் மாணவர். “அப்ப பவுசர்த் தண்ணிக்குக் காசும் அதுவே தரும்?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அன்று வகுப்பில் எவரும் பேசவில்லை.

எண் எங்கே பிழைத்தது?

மாணவர் முதலில் மீண்டும் அதே கருவியிடம் சென்றனர். “பம்பி நிற்கவில்லை, என்ன காரணம்?” என்று கேட்டனர். ரிலேயின் தொடுகைகள் ஒட்டியிருக்கலாம், கம்பி மாறியிருக்கலாம் என்று அது ஒரு பட்டியல் தந்தது. எல்லாம் நடக்கக்கூடியவையே. ரிலேயை மாற்றிப் பார்த்ததில் அரை நாள் கழிந்தது, பயன் கிட்டவில்லை. பின்பு மாணவி ஒருவர், பம்பி ஓடவேண்டிய நேரத்தை மடிக்கணனித் திரையில் காட்டும்படி செய்நிரலில் ஒரு வரியைச் சேர்த்தார். 60,000 மில்லிசெக்கன் என்று வரவேண்டிய இடத்தில் 4294961760 என்று வந்தது. அது ஏறத்தாழ 49 நாட்களும் 17 மணித்தியாலங்களும் ஆகும்!

பழைய மோட்டார் சைக்கிளின் தூரங்காட்டி 99999 ஐத் தாண்டியதும் மீண்டும் 00000 ஆகிவிடுவதை நாம் அறிவோம். கணனியின் எண்களுக்கும் அத்தகைய எல்லை உண்டு. ஊனோ பலகையில் சாதாரண நிறைவெண் ஒன்றுக்கு ஒதுக்கப்படுவது 16 பிட் இடம். அதில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. செய்நிரலில் நேரம் ‘30 × 1000’ என எழுதப்பட்டிருந்தது. 30,000 எல்லைக்குள் அடங்கியது. அதை ‘60 × 1000’ ஆக மாற்றியதும் விடை எல்லையைத் தாண்டியது. 60,000 இலிருந்து 65,536 கழிந்து, மறை 5,536 என்றாயிற்று. அந்த மறை எண்ணை, மறை எண்களே இல்லாத 32 பிட் இடத்தில் இட்டபோது 4294967296 இலிருந்து 5,536 குறைந்த பெரும் எண்ணாக மாறியது. பம்பி கட்டளைக்குப் பணிந்தே ஓடியது, கட்டளைதான் தவறு.

ஈ.எஸ்.பி. 32 போன்ற பலகைகளில் சாதாரண நிறைவெண்ணுக்கு 32 பிட் இடம் உண்டு. அங்கே இதே வரி பிழையின்றி ஓடியிருக்கும். எமது மாணவர் முதலிற் கேட்டபோது எந்தப் பலகை என்று கூறவேயில்லை. பலகையின் பெயரையும் திரையில் வந்த எண்ணையும் சேர்த்துக் கேட்டபோது, அதே கருவி காரணத்தைத் தெளிவாக விளக்கி, 1000 என்பதன் பின்னால் ‘யூ’, ‘எல்’ என்னும் இரு ஆங்கில எழுத்துக்களைச் சேர்க்கும்படி கூறியது. அளந்து பார்த்த பின் கேட்ட கேள்விக்கே சரியான விடை கிடைத்தது என்பதைக் கவனிக்கவும்.

இன்னொன்றும் உண்டு. செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி இப்பிழையை அறிந்து எச்சரிக்கக்கூடியது. ஆனால் ஆர்டுயினோ மென்பொருளின் இயல்பான அமைப்பில் எச்சரிக்கைகள் காட்டப்படுவதில்லை. விருப்பத்தேர்வுகளிற் சென்று அவற்றைக் காட்டச் செய்தல் வேண்டும்.

இது கற்போருக்கு மட்டும் நேரும் பிழையென எண்ண வேண்டாம். 2015 ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகார சபை, போயிங் 787 விமானங்கள் பற்றி ஒரு பணிப்பு விடுத்தது. மின்பிறப்பாக்கிக் கட்டுப்பாட்டுக் கணனிகள் 248 நாட்கள் தொடர்ந்து இயங்கினால், உள்ளே ஓர் எண்ணி எல்லை தாண்டி, விமானம் மாறுதிசை மின் முழுவதையும் இழக்கக்கூடும் என ஆய்வுகூடச் சோதனையில் கண்டறியப்பட்டிருந்தது. அங்கே காத்திருந்து சோதித்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எமது நாற்றுமேடையில் இருக்கவில்லை.

மூவகைப் பிழைகள்

உட்பொதி செய்நிரலாக்கத்தில் எழும் பிழைகளை மூன்றாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, மொழிப் பிழை. எழுத்துத் தவறு, இல்லாத கட்டளையைப் பாவித்தல் போன்றவை. இவற்றைத் தொகுப்பி பிடித்துவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவி சிலவேளை இல்லாத கட்டளைகளையும் இருப்பதாக எழுதும். ஆயினும் பெரும்பாலும் அவை இங்கேயே அகப்பட்டுவிடும். சில கருவிகள் தொகுப்பியைத் தாமே இயக்கித் திருத்திக்கொள்ளவும் வல்லன.

இரண்டாவது, பொருட் பிழை. மொழி சரி, ஆனால் சொல்லப்படுவது நாம் வேண்டியதல்ல. எமது 60 செக்கன் பிழை இவ்வகையினது.

மூன்றாவது, செய்நிரலுக்கு வெளியே உள்ள பிழை. தளர்ந்த கம்பி, துருப்பிடித்த உணரி, வலுக்குறைந்த பற்றரி ஆகியன இதில் அடங்கும். ஊனோவின் ஒரு முனையிலிருந்து 20 மில்லிஅம்பியர் அளவே எடுப்பது நன்று. பம்பிக்கு அதைப்போற் பல மடங்கு தேவை. எனவே ரிலேயின்றி நேரே பூட்டினால் பலகை பழுதாகும். சாதாரணமாக எழுதிக் கேட்கும்போது, கருவி மேசையிலுள்ள கம்பிகளைக் காண்பதில்லை. நாம் சொன்னதை மாத்திரமே அறியும். சொல்ல மறந்ததைத் தான் கற்ற ஏராளமான எழுத்துக்களில் வழமையாக வருவதைக் கொண்டு நிரப்பிவிடும்.

முதல் வகையில் கருவியை நம்பலாம். இரண்டாவதில் அதனோடு சேர்ந்து சிந்திக்க வேண்டும். மூன்றாவதில் எமது கண்ணும் கையும் அளவுமானியுமே துணை.

கற்கும் முறை

2024 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பாடசாலை மாணவர் கணிதப் பயிற்சி செய்தனர். செயற்கை நுண்ணறிவைத் தடையின்றிப் பாவித்தவர் பயிற்சியின்போது அதைப் பாவிக்காதவரிலும் 48 வீதம் சிறப்பாகச் செய்தனர். ஆனால் அது இல்லாமற் பரீட்சை எழுதியபோது, அதை ஒருபோதும் பாவிக்காதவரிலும் 17 வீதம் பின்தங்கினர். விடையைத் தராமல் குறிப்புக்களை மட்டும் தரும்படி அமைக்கப்பட்ட கருவியைப் பாவித்தவரிடம் இப்பின்னடைவு பெரும்பாலும் காணப்படவில்லை. ஆகவே கருவி கூடாததன்று. பாவிக்கும் முறையே கல்வியைத் தீர்மானிக்கின்றது.

அந்தச் சம்பவத்தின் பின் எமது வகுப்பில் நாம் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இதுவாகும்:

1. கருவியைத் திறக்குமுன், இயந்திரம் என்ன செய்ய வேண்டும், எதை ஒருபோதும் செய்யக்கூடாது என்பவற்றைக் கொப்பியில் தமிழில் எழுதுதல். ‘ஐந்து நிமிடத்துக்கு மேல் பம்பி ஓடக்கூடாது’ என்பது போன்ற இரண்டாவது பட்டியலே முக்கியமானது.

2. கேட்கும்போது பலகையின் பெயர், மின் அளவு, எந்த முனையில் எது பூட்டப்பட்டுள்ளது என்பவற்றை முழுமையாகக் கூறுதல்.

3. முழுச் செய்நிரலையும் ஒரேயடியாகக் கேளாமல் சிறு பகுதிகளாகக் கேட்டல். விடையைத் தராமல் வழியைக் காட்டும்படி முதலிற் கேட்டல்.

4. ஒவ்வொரு வரியும் என்ன செய்கின்றதென மற்றொரு மாணவருக்கு விளக்குதல். விளக்க முடியாத வரி இருந்தால் பலகையில் ஏற்றுவதில்லை.

5. இயக்குமுன் நடக்கப்போவதை எழுதிவைத்து, நடந்ததோடு ஒப்பிடுதல். ஓர் எண்ணை மாற்றினாலும் தொடக்கத்தையும் முடிவையும் நின்று பார்த்தல்.

6. பிழை நேர்ந்தால் முதலில் அளத்தல், அதன் பின்பே கேட்டல்.

7. வாரத்தில் ஒரு சிறு செய்நிரலாவது உதவியின்றித் தாமே எழுதுதல்.

எட்டாவதாக ஒன்றைக் காணியின் பெரியவர் சொல்லித் தந்தார். “பெரிய தாங்கியில ஏன் பூட்டுறியள்? ஒரு வாளியில பூட்டுங்கோ. பிழைச்சாலும் ஒரு வாளித் தண்ணிதானே போகும்.” இப்போது நாளுக்கு நான்கு தடவை, தடவைக்கு 4 லீற்றராக 16 லீற்றர் தேவைப்படுவதால், பம்பி 20 லீற்றர் வாளியிலிருந்தே இறைக்கின்றது. வாளியைக் காலையில் ஒருவர் நிரப்பி வைப்பார். நீர் குறைந்ததும் மின்னைத் துண்டிக்கும் மிதவை ஆளியும் பூட்டியுள்ளோம். செய்நிரல் பிழைத்தாலும் இழப்பு எல்லை தாண்டாதிருக்க, செய்நிரலுக்கு வெளியே ஒரு காவல் வேண்டும் என்னும் பொறியியற் பாடத்தை, கணனியைத் தொட்டறியாத ஒருவரிடமிருந்து கற்றோம்.

ஓர் எச்சரிக்கை: பயில்வோர் 5 அல்லது 12 வோல்ற்றிலேயே பயிலட்டும். வீட்டு மின்சாரமான 230 வோல்ற்று வேலைகளைத் தகுதி பெற்ற மின்வினைஞரிடமே விட வேண்டும்.

அந்த ஆறு மாணவரும் பவுசர் நீருக்கும் புதிய பம்பிக்கும் தம்முள் காசு சேர்த்தனர். நாமும் எமது பங்கைக் கொடுத்தோம். இரண்டு சனிக்கிழமைகள் மேடையைத் திருத்தி மறுபடி விதைத்துக் கொடுத்தனர். திருத்திய கருவியைப் பூட்டிய மாலையில், 60 செக்கனும் முடிந்து பம்பி நிற்கும்வரை ஆறு பேரும் அதன் அருகிலேயே நின்றனர். “இந்த முறை ஆர் எழுதினது?” என்று அந்தத் தாய் கேட்டார். “உதவி கேட்டனாங்கள் அக்கா. ஆனால் எழுதினது நாங்கள்” என்றார் அதே மாணவர்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் வீட்டிலும் தொழிலிடத்திலும் சிறு கணனி பதிந்துள்ள பொருட்கள் எவை? அவற்றுள் ஒன்று நிற்கவேண்டிய நேரத்தில் நிற்காவிட்டால் யாருக்கு என்ன நேரும்?

2. ‘40 × 1000’ எனச் செய்நிரலில் எழுதியிருந்தால் ஊனோ பலகையில் என்ன நடந்திருக்கும்? தாளில் கணக்கிட்டுப் பார்க்கவும்.

3. உங்கள் கிராமத்துக்குப் பயன்படும் ஒரு கருவியைத் தெரிந்தெடுத்து, அது ஒருபோதும் செய்யக்கூடாதவற்றைப் பட்டியலிடுக. அப்பட்டியலைத் தயாரிக்கும்போது யாரையெல்லாம் கேட்பீர்கள்?