குளிர்காலமும் குடிக்கூலி வீடும்

ஆஸ்திரேலியா என்றவுடனே வெயிலையும் கடற்கரையையும் மனத்தில் வரித்துக்கொண்டு வந்து இறங்கும் நம்மவர்களுக்கு, ஜூன் மாதத்துப் பரமட்டாவின் விடியற்காலை சற்று விசித்திரமான அனுபவமாகத்தான் இருக்கும். கடற்கரையிலிருந்து தள்ளி உட்புறமாக அமைந்த ஊராகையால், வானம் தெளிந்த இரவுகளில் குளிர் ஐந்தாறு பாகைக்கும் கீழே இறங்கிவிடுவது இங்கே சாதாரணம். இவ்வூரில் பனிமழை பொழிவதில்லை என்ற தைரியத்தாலோ என்னவோ, பழைய செங்கல் அடுக்கு வீடுகளைக் கட்டியவர்கள் ஒற்றைக் கண்ணாடிச் சன்னலோடும், கதவின் கீழே விரல் நுழையும் சந்தோடும் திருப்தியடைந்துவிட்டார்கள். வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை வெப்பமாவது இருப்பது தேக சுகத்துக்கு நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018-இல் சொல்லியிருக்கிறது. ஹீட்டர் நின்றுபோன வாரத்தில் என் வீட்டுக் கூடத்து வெப்பமானி அந்த எண்ணை எட்டிப் பார்க்கவே இல்லை.

ஏஜெண்டைத் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் மிகுந்த மரியாதையோடு, "வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறோம்" என்ற பதில் வந்தது. கீழ்த்தளத்தில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர், "தம்பி, நீர் வாடகையைக் கட்டாமல் விட்டுப் பாரும், ஆள் தானாய் ஓடி வருவார்" என்று உபாயம் சொன்னார். அவருடைய அன்பில் சந்தேகமில்லை. ஆனால் உபாயம் அபாயமானது. வாடகை 14 நாள் பாக்கி விழுந்துவிட்டால், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க உரிமையாளருக்கு அதிகாரம் வந்துவிடுகிறது. நியாயம் நம் பக்கம் இருந்த வழக்கில், குற்றவாளிக் கூண்டில் நாமே போய் ஏறிக்கொண்டது போலாகும்.

சட்டத்தைப் படித்துப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமளித்த விஷயம் ஒன்று உண்டு. மெல்போர்னில், அதாவது விக்டோரியா மாநிலத்தில், 2021 மார்ச்சு முதல், வாடகை வீட்டின் பிரதான கூடத்தில் வேலை செய்கிற நிலையான ஹீட்டர் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்ற விதி படிப்படியாக அமுலுக்கு வந்திருக்கிறது. நம் நியூ சவுத் வேல்ஸிலோ, வசிக்கத் தகுந்த வீட்டுக்கு வேண்டிய ஏழு குறைந்தபட்ச லட்சணங்களை 2020-இல் வகுத்தவர்கள், வெளிச்சம், காற்றோட்டம், மின்சாரம், தண்ணீர் என்றெல்லாம் எண்ணிவிட்டு, வெப்பத்தை விட்டுவிட்டார்கள். ஆகையால் ஹீட்டரே இல்லாத வீட்டை வாடகைக்கு எடுத்தவர், அதைக் கொண்டுவந்து வை என்று கேட்பதற்குச் சட்டத்தின் ஆதரவு சொற்பம். ஆனால் வீட்டோடு கொடுக்கப்பட்ட ஹீட்டர் பழுதானால் கதை முற்றிலும் வேறு: 2010-ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டம், சூடாக்கும் சாதனம் செயலிழப்பதை, கழிப்பறை அடைப்புக்கும் எரிவாயுக் கசிவுக்கும் சமமாக, அவசரப் பழுது என்ற வகையில் சேர்த்திருக்கிறது.

இந்த வேற்றுமையால்தான், குடிபுகும்போது கையில் தரப்படும் 'கண்டிஷன் ரிப்போர்ட்' என்ற பத்திரம் பெருமதிப்புப் பெறுகிறது. அதை ஏழு நாட்களுக்குள் நிரப்பித் திருப்பித் தர வேண்டும். சுவரில் இருக்கும் ஏ.சி. வெப்பக் காற்றும் தருகிறது என்று அதில் எழுதியிருந்ததால், என் விஷயத்தில் பின்னால் யாரும் வாதம் செய்ய இடமில்லாமல் போயிற்று.

அடுத்தபடியாக, பேச்சை நிறுத்தி எழுத்தைத் தொடங்க வேண்டும். நம்மவர்களுக்கு இது சங்கோசமான காரியம். கடிதம் எழுதினால் சண்டைக்குப் போவதாக அர்த்தம் என்று ஒரு அபிப்பிராயம் நமக்குள் வேரூன்றியிருக்கிறது. நான் அனுப்பிய மின்னஞ்சலில் கோபமான வாக்கியம் ஒன்றுகூட இல்லை: எந்தத் தேதியில் நின்றது, யாரிடம் சொன்னேன், காலையில் வெப்பமானி காட்டிய எண்ணின் படம், அவசரப் பழுது என்ற சொல், பதில் எதிர்பார்க்கும் நாள், அவ்வளவே. தொலைபேசியில் அசையாத காரியம் அதன்பின் அசைந்தது.

அப்போதும் அசையாவிட்டால் இரண்டு மார்க்கங்கள் உள்ளன. உரிமையாளருக்குத் தகவல் கொடுத்து, நியாயமான அவகாசமும் அளித்த பிறகு, லைசென்ஸ் பெற்ற தொழிலாளியைக் கொண்டு நாமே பழுது பார்த்து, ரசீதோடு எழுதிக் கேட்டால், 1,000 டாலர் வரையிலான நியாயமான செலவை அவர் 14 நாட்களில் திருப்பித் தர வேண்டும். வாடகையில் நாமாகக் கழித்துக்கொள்வது கூடாது. மற்றது, என்கேட் என்று சுருக்கமாக வழங்கும் மாநில நியாய மன்றம். பழுது பார்க்க உத்தரவிடவும், நஷ்டஈடு வழங்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. வேலை முடியும்வரை வாடகையைத் தன்னிடமே கட்டும்படி உத்தரவிடவும் உண்டு. பெரியவரின் உபாயம் சட்டத்துக்குள் நுழையும் வாசல் அது ஒன்றுதான் என்று அவரிடம் சொன்னபோது, அவர் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டார். வக்கீல் தேவையில்லை, மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம், மனுவைத் தயாரிக்க, வட்டாரந்தோறும் உள்ள குடியிருப்போர் ஆலோசனைச் சேவைகள் கட்டணமின்றி உதவும்.

முறையிட்டால் வெளியேற்றிவிடுவார்களோ என்ற பயந்தான் பலருடைய வாயை அடைக்கிறது. காரணம் சொல்லாமலே காலி செய்யச் சொல்லும் வழக்கம் இம்மாநிலத்தில் 2025 மே 19 முதல் ஒழிந்தது. பழிவாங்கும் நோக்கத்தோடு கொடுத்த நோட்டீஸ் என்று நியாய மன்றத்தில் வாதாடவும் இடமிருக்கிறது.

பழுது நீங்கும்வரை எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டரே உத்தமம். கரி அடுப்பையோ, வெளியில் வைத்துச் சுடும் பார்பிக்யூ அடுப்பையோ எக்காரணத்தைக் கொண்டும் உள்ளே கொண்டுவரலாகாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

ஜனவரி வெயிலில் வீடு பார்க்கப் போகிறவர்கள், ஏஜெண்டு சிரித்தாலும் பரவாயில்லை, ஏ.சி.யை ஒரு தடவை வெப்பத்துக்குத் திருப்பி, கையை நீட்டிப் பார்த்துவிட்டே பத்திரத்தில் கையெழுத்திடலாம்.