ஓவியம் காண வந்தவர்கள்

முன்னுரை

ஓவியங்களைப் பற்றி எழுதியவர் பலர். ஓவியம் காண வந்த மக்களைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. வந்தவர்கள் எதைச் சுட்டினார்கள், என்ன கேட்டார்கள், யார் விடை சொன்னார்கள் என்று காட்டும் பழஞ்சான்றுகள் அரியன. அத்தகைய சான்று ஒன்று நம் தமிழில் உண்டு. பரிபாடலின் 19ஆம் பாடலே அது. பாடியவர் நப்பண்ணனார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார். செவ்வேளைப் போற்றும் அப்பாடலில் இடையே வரும் ஓவிய மண்டபக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது நமக்கு உணர்த்துவது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்துநிலை மண்டபம்

மதுரை மக்கள் திருப்பரங்குன்றம் நோக்கித் திரள் திரளாகச் செல்கின்றனர். பாண்டியனும் தன் மகளிரோடும் அமைச்சரோடும் சென்று கோயிலை வலம் வருகிறான். கூட்டத்தில் சிலர் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கின்றனர். சிலர் முசுக்கூட்டத்திற்குக் கரும்பு அளிக்கின்றனர். சிலர் யாழும் குழலும் இசைக்கின்றனர். அங்கே ஓவியம் தீட்டப்பெற்ற மண்டபம் ஒன்று இருக்கிறது. அதனை எழுத்துநிலை மண்டபம் என்கிறார் புலவர். எழுதுதல் என்ற சொல் அக்காலத்தில் ஓவியம் தீட்டுதலையும் குறித்தது.

மண்டபத்தில் மூவகை ஓவியங்களை நாம் அறிகிறோம். ஒன்று, கதிரவன் முதலான சுடர்கள் இயங்கும் வான்சக்கரம். மற்றொன்று, காமனும் இரதியும். மூன்றாவது, அகலிகையின் கதை. பூனை வடிவில் நழுவும் இந்திரன், கல்லாகும் அகலிகை, சினந்து நிற்கும் கௌதமன் ஆகிய மூவரும் அதில் உள்ளனர்.

வினாவும் விடையும்

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. ஓவியத்தின் வண்ணம் இன்னது, அளவு இன்னது, தீட்டியவன் இன்னான் என்று புலவர் கூறவில்லை. மாறாக, காண்போரின் பேச்சையே காட்டுகிறார். 'இவள் யார், இவன் யார்?' என்று ஒரு சாரார் வினவுகின்றனர். மற்றொரு சாரார் விடை இறுக்கின்றனர். அகலிகை கதையை ஒருவர் உருவம் உருவமாகச் சுட்டிச் சொல்லிச் செல்கிறார். நெருங்கி வந்தவர்கள் விரல் நீட்டுகின்றனர், அறிந்தவர்கள் அறிவுறுத்துகின்றனர். ஓவியங்களின் பொருளை நாம் அறிவதே இந்த வினாவிடையால்தான்.

இதனை அடுத்து, கூட்டத்தில் உறவினரைப் பிரிந்து வழிதவறிய சிறுமி ஒருத்தி குரலெழுப்புகிறாள். மலைமுழை அக்குரலை எதிரொலிக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் இன்றும் நாம் காணும் காட்சி அல்லவா இது! ஆகவே ஓவியம் பார்த்தவர்கள் கலைநுட்பம் கற்றோர் மட்டுமல்லர். குழந்தை குட்டிகளோடு வந்த குடிமக்களும் ஆவர் என்பது தெளிவு.

அரசியும் தெருவும்

ஒப்புநோக்க வேறு இரு சான்றுகளைக் காண்போம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், அரசியின் கட்டிலுக்கு மேல் கட்டிய விதானத்தில் வான்மண்டலம் எழுதப்பட்டுள்ளது. திங்களைப் பிரியாத உரோகிணியைக் கண்டு, கணவனைப் பிரிந்த அரசி பெருமூச்செறிகிறாள். அங்கே ஓவியமும் ஒன்று, காண்பவரும் ஒருவர். மணிமேகலையிலோ புகார் நகரத்து மாடச் சுவர்களில் வெண்சுதை பூசி எழுதிய ஓவியங்களைத் தெருவில் செல்வோர் நின்று பார்க்கின்றனர். பார்வையாளர் பலராயினும் அவர்கள் பேசியது நமக்குக் கேட்கவில்லை. பலர் கூடி, கேட்டும் சொல்லியும் ஓவியம் காணும் காட்சியைப் பரிபாடலே விரித்துரைக்கிறது.

ஆம்ஸ்டர்டாம் மாளிகை

காண்போரையே பொருளாகக் கொண்ட ஓவியங்கள் ஐரோப்பாவில் உண்டு. டச்சு ஓவியர் அட்ரியான் டி லேலி 1794-95இல் தீட்டிய ஓவியம் ஒன்று ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யான் கில்டமீஸ்டர் என்னும் வணிகரின் மாளிகைக் கூடம் அதில் காட்டப்பட்டுள்ளது. சுவரெங்கும் சட்டமிட்ட ஓவியங்கள் நெருங்கித் தொங்குகின்றன. வந்த விருந்தினர் சிறு சிறு குழுக்களாக நின்று அவற்றைப் பார்க்கின்றனர்.

கில்டமீஸ்டர் 1799இல் மறைந்தார். 1800இல் அவருடைய ஓவியங்கள் ஏலத்தில் விற்கப்பட்டுச் சிதறின. அவற்றுள் ஒன்றான, ரெம்பிராண்ட் 1633இல் தீட்டிய கப்பல் கட்டுநரும் மனைவியும் என்ற ஓவியம் இன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேமிப்பில் உள்ளது. கூடம் கலைந்தது; கண்டவர்களைக் காட்டும் ஓவியம் நிலைத்தது.

பரங்குன்றத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. பரிபாடல் கண்ட மண்டபமும் இன்று இல்லை. அதன் வண்ணங்களும் இல்லை. 70 பாடல்கள் கொண்டதாகக் கூறப்படும் பரிபாடலில் நமக்கு முழுமையாகக் கிடைத்தவை 22 மட்டுமே. உ.வே. சாமிநாதையர் 1918இல் அவற்றைப் பதிப்பித்தார். தொலைந்த ஏடுகளோடு இந்தப் பாடலும் போயிருக்குமாயின், அப்படி ஒரு மண்டபம் இருந்ததையே நாம் அறிந்திருக்க மாட்டோம். சுவர் காக்கத் தவறியதை மக்களின் பேச்சு காத்தது.

இரண்டுக்கும் வேறுபாடும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் கூடத்தில் நுழைய உடையவரின் அழைப்பு வேண்டும். பரங்குன்றத்து மண்டபத்தில் நுழையக் கால்கள் இருந்தால் போதும்.

நம் ஊர்ப் பக்கம்

சூரமங்கலத்தில் வாழும் எனக்குத் தாரமங்கலம் அண்மையில் உள்ள ஊர். கெட்டி முதலியாரின் புகழ் பேசும் கைலாசநாதர் கோயிலில், பரிபாடல் சொன்ன காமனும் இரதியும் கல்லில் நிற்கின்றனர். இராமனும் வாலியும் வெவ்வேறு தூண்களில் உள்ளனர். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அங்கே ஒரு முதியவர் பேரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"தாத்தா, இவரு யாருங்க?"

"இது ராமர் கண்ணு. இங்கிருந்து பார்த்தா வாலி தெரியறான் பாரு. அங்கே போய் நின்னா ராமர் தெரிய மாட்டார்."

சிறுவன் நம்பவில்லை. ஓடிப்போய் வாலியருகே நின்று பார்த்துவிட்டு, "ஆமாங்க தாத்தா!" என்று கூவினான். வினா, விடை, சோதனை ஆகிய மூன்றும் அங்கே நிகழ்ந்தன. முதியவர் எந்தக் கலை நூலும் படித்தவராகத் தோன்றவில்லை. பரங்குன்றத்தில் விடை சொன்னவர்களின் வழிவந்தவர் அவர் என்றே நான் எண்ணினேன்.

முடிவுரை

கேட்பார் இல்லாத ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு பூசுவது எளிது. நம் கோயில்கள் பலவற்றில் அவ்வாறே ஓவியங்கள் மறைந்துள்ளன. 'இவர் யார்?' என்று பத்துப் பேர் நாள்தோறும் கேட்கும் சுவரைப் பூச எவரும் தயங்குவர். ஆதலால் கேள்வி கேட்பதும் ஒரு காவற்பணியே.

மாணவ நண்பர்களே, நம் மாவட்டத்துக் கோயில்களுக்குச் செல்லும்போது படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு நில்லாமல், அங்குள்ள முதியோரிடம் ஒரு கேள்வியேனும் கேட்போம். அவர்கள் சொல்வதை ஏட்டில் எழுதி வைப்போம். சொல்வதில் பிழை இருந்தால் நம் பேராசிரியர்கள் திருத்தித் தருவார்கள். சொல்லாமலே போய்விட்டதைத் திருத்த யாராலும் இயலாது.