நுண் அல்காக்களிலிருந்து நியூக்கிளிக்கமிலம் பெறல்

பால் மறக்கச் செய்யப்பட்ட பன்றிக்குட்டிகளின் குடற்கலங்கள் விரைவாகப் பிரிவடையும். இதற்கு நியூக்கிளியோதைட்டுகள் தேவை. தனிக்கலப் பச்சை அல்காவான குளோரெல்லாவிலிருந்து இவற்றைப் பெற்றுத் தீவனத்துடன் சேர்க்கலாம். பின்வரும் ஒழுங்கை மனதிற் கொள்க.

1. மையநீக்கி மூலம் கலங்களை நீரிலிருந்து வேறாக்கல்.
2. நுண்ணிய கண்ணாடி மணிகளுடன் கலக்கிக் கலச்சுவரை உடைத்தல்.
3. கலச்சிதைவுகளையும் புரதத்தையும் அகற்றல்.
4. உப்பும் குளிர்ந்த எதனோலும் சேர்த்து நியூக்கிளிக்கமிலத்தை வீழ்படிவாக்கல்.
5. நொதியத்தால் அதனை நியூக்கிளியோதைட்டுகளாக உடைத்தல்.

கவனிக்க: எதனோல் நியூக்கிளிக்கமிலத்தைக் கரைக்கின்றது என எழுதாதீர்கள். அதன் கரைதிறன் குறைவதாலேயே வீழ்படிவு தோன்றுகின்றது.

வினா: உலர்த்திய முழுக்கலங்களையே தீவனத்திற் சேர்த்தால் பயன் குறைவது ஏன்?

விடை: உறுதியான கலச்சுவரைப் பன்றியின் சமிபாட்டு நொதியங்களால் உடைக்க முடியாது. ஆகவே உள்ளிருக்கும் நியூக்கிளிக்கமிலம் முற்றாக வெளிவராது.