வேலை போய்விடுமோ என்னும் அச்சம்

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்னும் வழக்கு நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. இவ்வழக்கினால் விளைந்த நன்மையைக் காட்டிலும் தீமையே மிகுதி என்பது நம் கருத்து. உத்தியோகமே ஒருவனுக்கு இலக்கணம் எனில், அஃது இல்லாத நாளில் அவன் யார்? (பெண்டிரின் உத்தியோகம் அவ்வழக்கில் இடம்பெறவேயில்லை என்பதையும் நேயர்கள் கவனிக்க.) வேலை பறிபோகுமோ என அஞ்சுவோர் அதனை இல்லத்தாரிடமும் கூற நாணி, உள்ளுக்குள்ளேயே புழுங்குவதற்கு இவ்வெண்ணமே காரணமாகின்றது.

சித்தையன்கோட்டை போன்ற ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று பணிபுரியும் காலம் இது. 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம், தன் பணியாளருள் நூற்றுக்கு இருவர் வீதம், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நூற்றுக்கு இருவர் என அறிவிப்பு வந்தால், நூறு பேர் இல்லத்திலும் உறக்கம் போகின்றது.

காஸ்ல், காப் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மூடப்படவிருந்த ஆலைகளின் தொழிலாளரது இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து அளந்து, 1970இல் முடிவுகளை வெளியிட்டனர். வேலை போன பின்னர் மட்டுமன்று, போகப்போகின்றது என்று அறிந்து காத்திருந்த நாள்களிலேயே அழுத்தம் உயர்ந்திருந்தது. வேறு வேலையில் நிலைபெற்ற பின்னரே அது தணிந்தது. இனியது பிரிந்ததை எண்ணி எண்ணி மறுகுதலையும், இன்னாதது சேர்ந்ததை எண்ணி எண்ணி வெதும்புதலையும் ஆர்த்த தியானத்தின் வகைகளாகத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் கூறுவது நம்மவர் அறிந்ததே. எண்ணுவது வேறு, மறுகுவது வேறு. எண்ணினால் ஒரு கணக்கு கிடைக்கும். மறுகினால் உறக்கம்தான் கெடும்.

ஆசிரியப் பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படும் விதிகளுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்பது. வேலை நிலைக்குமா என்பது தெரியாதது. குடும்பத்தின் மாதச் செலவு எவ்வளவு, கடன் தவணை எவ்வளவு, கையிருப்பு எத்தனை மாதத்திற்கு வரும் என்பன தெரியக்கூடியவை. கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து இவற்றை ஒரு தாளில் எழுதுக. மருத்துவக் காப்பீடு நிறுவனத்தின் வாயிலாக மட்டுமே இருப்பின், அது வேலையோடு போய்விடும் என்பதையும் அத்தாளிற் குறித்தல் வேண்டும்.

சட்டம் கூறுவதும் தெரிந்துகொள்ளத்தக்கதே. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்திற்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ‘லே-ஆஃப்’ என நாம் பொதுவாகச் சொல்வதைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கின்றது. மூலப்பொருள், மின்சாரம் முதலியன இன்மையால் தற்காலிகமாக வேலை தர இயலாமை ஒன்று. 50 பேருக்குக் குறையாத ஆலைகளில், ஓராண்டு பணிபுரிந்த தொழிலாளிக்கு அக்காலத்தில் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றிற் பாதி உண்டு. நூற்பாலைகள் நிறைந்த நம் திண்டுக்கல் மாவட்டத்தார் இதனை நினைவிற் கொள்க. மற்றொன்று நிரந்தரமான ஆட்குறைப்பு. இதற்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தருதல் வேண்டும். மேலும் 15 நாள் ஊதியம், மறுதிறன் பயிற்சி நிதியாக 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கிற் சேர்தல் வேண்டும்.

ஆனால், தாமே பணிவிலகல் கடிதத்தில் ஒப்பமிட்டவர்க்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடைப்பது அரிது. ஆதலின், அறைக்குள் அழைத்து ‘இப்போதே கையெழுத்திடுங்கள்’ என்றால், ஒரு நாள் அவகாசம் கேட்பதில் தவறில்லை. மேற்பார்வை, நிர்வாகப் பணியிலிருப்போர் பலர் இச்சட்டத்தின்படி தொழிலாளர் ஆகார். அவர்கள் தம் நியமனக் கடிதத்தை இன்றே எடுத்துப் படிப்பது நலம். ஐந்தாண்டு நிறைந்தவர்க்குப் பணிக்கொடை, விலகினும் உண்டு.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 2006இல் தொடங்கிய அவ்வாலையில் ஒரு காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாகப் பணிபுரிந்தனர்; இளம்பெண்கள் மிகப் பலர். வரி வழக்கில் சிக்கியதால், 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது இவ்வாலை சேர்க்கப்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. அக்கட்டடத்தில் சால்காம்ப் என்னும் வேறொரு நிறுவனம் தொழில் தொடங்கியது 2020இல். கதவு மீண்டும் திறக்கத்தான் செய்தது. ஆறாண்டு யார் காத்திருக்க முடியும்? செய்த வேலையின் விவரத்தைக் கூறும் அனுபவச் சான்றிதழை வெளியேறும் நாளிலேயே கேட்டுப் பெறுதலும், வேலையிலிருக்கும்போதே இன்னொரு திறனைக் கற்றலும் இதனாற்றான் தேவையாகின்றன.

ஆலையை நம்பிய இன்னோர் ஊர், வியன்னா நகருக்கு அருகிலுள்ள மரியந்தால். அங்கிருந்த துணி ஆலை 1930ஐ ஒட்டி மூடப்பட்டது. ஏறத்தாழ 1,500 பேர் வாழ்ந்த அவ்வூரை மரி யஹோதா முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டனர். பொழுது மிகுந்திருந்தும் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்கள் பாதியாகக் குறைந்தன. தெருவில் ஆடவர் மெல்ல நடந்தனர், அடிக்கடி நின்றனர். பெண்டிரோ விரைந்து நடந்தனர். சமையலும் குழந்தைகளும் அவர்களது நாளுக்கு ஓர் ஒழுங்கு தந்திருந்தன! பணியிழந்தவர் வழக்கமான நேரத்தில் எழுந்து, நீராடி, விண்ணப்பம் எழுத ஒரு நேரம், படிக்க ஒரு நேரம் எனப் பள்ளிக் கால அட்டவணை போல் வகுத்துக்கொள்ளுமாறு நாம் கூறுவது இதனாலேயே.

பலர் நீக்கப்பட்ட அலுவலகத்தில் எஞ்சியோர் நிலையும் எளிதன்று. இருவர் வேலை ஒருவர் தலையில் விழுகின்றது. பணிச்சோர்வு என்பது நோயன்று, பணியிடத்தில் தீர்க்கப்படாத நெடுநாள் அழுத்தத்தின் விளைவு என்றே உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. எனவே அதனைத் தம் பலவீனமாகக் கருதி வருந்த வேண்டா. அன்றாட வேலைகளையும் அவற்றிற்காகும் மணிகளையும் எழுதி, எதனை முதலில் முடிப்பது என்று மேலதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டால், சுமையின் அளவு அவர் கண்ணுக்கும் தெரியும்.

இல்லத்துப் பெரியோர்க்கு ஒன்று. ‘ஏதேனும் கிடைத்ததா?’ என்று நாள்தோறும் கேட்பதை விடுத்து, வாரத்தில் ஒரு நாள் அதற்கென ஒதுக்குக. மற்ற நாள்களில் வேறு பேசுக. உறக்கமின்மையும் உணவில் வெறுப்பும் இரு வாரங்களுக்கு மேல் நீடிப்பின் மருத்துவரைக் காணுதல் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல ஆலோசகரோடு எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.