பதினோரு மாதச் சோதனை

அன்புள்ள கயல்,

மயிலாப்பூரில் மாடிப் போர்ஷன் கிடைத்துவிட்டது, ஆனால் சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்கிறார் ஹவுஸ் ஓனர் என்று எழுதியிருந்தாய். தண்ணீரையும் கரண்டையும் மிச்சம் பிடிக்கும் யோசனைகளெல்லாம் சொந்த வீடு வந்த பிறகுதான் என்று அலுத்துக்கொண்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உன் ஒப்பந்தம் 11 மாதம். (ஓராண்டுக்கு மேல் என்று எழுதினால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும், அதைத் தவிர்க்க வந்த கணக்கு.) மார்ச்சில் குடியேறுகிறாய். கத்திரி வெயில், ஐப்பசி மழை இரண்டையும் பார்த்துவிடுவாய்.

அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021இல் த்வஸ்தா நிறுவனம் 600 சதுர அடி வீட்டை முப்பரிமாண அச்சில் கட்டிக் காட்டியது. அது சுவருக்கு வைத்த சோதனை. நீ இந்த 11 மாதமும் உன் பழக்கங்களுக்கு ஒரு சோதனை வைத்துக்கொள்.

ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் பணியகம். மே மாதத்தில் ஒரு வாரம் 24, மறுவாரம் 27 என்று மாற்றி வை. படுக்கும்போதும் எழுந்ததும் மீட்டரைக் குறித்துக்கொள். பில்லை மட்டும் நம்பாதே. கோடை பில்லையும் மழைக்கால பில்லையும் ஒப்பிட்டால் தெரிவது வெயில்தான், உன் சிக்கனம் அல்ல.

தண்ணீருக்குப் பக்கெட்டும் கடிகாரமும் போதும். நிரம்ப எத்தனை விநாடி என்று பார். குழாய் வாயில், நீரோடு காற்றைக் கலக்கும் ஏரேட்டரைத் திருகி மறுபடி பார். காலி பண்ணும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.

காய்கறிக் கழிவை உரமாக்க மண்பானை. என் முதல் பானையில் புழு நெளிந்து, கீழ்வீட்டு மாமி சண்டைக்கே வந்துவிட்டார். ஈரத்தை மட்டும் கொட்டியது என் தப்பு. ஒவ்வொரு தடவையும் மேலே காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ தூவிய பிறகு நாற்றம் நின்றது.

மழைதான் பெரிய பாடம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது, 1,000 சதுர அடி மொட்டைமாடிக்கு ஏறக்குறைய 1.3 லட்சம் லிட்டர். 2003இலேயே மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயமாகிவிட்டது, ஆகவே உன் வீட்டிலும் குழாய் இருக்கும். அது நீரை நிலத்தில் இறக்கும் குழிக்குப் போகிறதா, தெருவுக்கா? முதல் பெருமழையில் குடையோடு இறங்கிப் பார். சந்தேகம் இருந்தால் மந்தைவெளிப்பாக்கத்தில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளை 2002இல் தொடங்கிய மழை மையம் பக்கம்தான்; மாதிரிகளே வைத்திருக்கிறார்கள்.

குழி தூர்ந்திருந்தால் ஓனரிடம் சொல். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர் என்றால், அவரே கடப்பாரையோடு வருவார்.

அன்புடன்,
அத்தை