பிந்தி வந்த பிள்ளைப்பேறு

நாற்பதைத் தாண்டிய பெண்ணொருத்தி முதற்பிள்ளைக்குத் தாயாகப் போகிறாள் என்று கேள்விப்பட்டவுடன் யாழ்ப்பாணத் தீவகத்து நம் மக்களின் முகத்தில் முதலில் தோன்றுவது மகிழ்ச்சியன்று, திகைப்பே என்பதை, வேலணையிற் பிறந்து நயினாதீவில் வாழ்க்கைப்பட்டு 41ஆவது வயதில் மகனைப் பெற்றெடுத்த நான் நன்கு அறிவேன். "ஏன் பிள்ளை, இந்த வயதில உனக்கு உது தேவையோ?" என்று என் பெரியம்மா கேட்டது வெறுப்பினாலன்று, எனக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்தினாலும் என்மீது கொண்ட பாசத்தினாலுமே. ஆயினும், அந்தக் கேள்விக்குள் மறைந்திருக்கும் அபிப்பிராயத்தை ஆராயாமல் விடுவது என் பின்னால் வரும் பெண்களுக்கு நன்மை செய்யாது.

வயது முதிர்ந்து பிள்ளை பெறுவது நமக்குப் புதிதா? மூத்த மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கையில் தாயும் கடைக்குட்டியைச் சுமந்துகொண்டிருந்த வீடுகளை எங்கள் பாட்டிமார் காலத்துத் தீவகம் தாராளமாகக் கண்டிருக்கிறது. மருமகனும் அவனிலும் இளைய மாமனும் ஒரே வாங்கில் இருந்து படித்த கதை வேலணையிலும் புங்குடுதீவிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. வசதியுள்ளவர்கள், 1898இல் ஆரம்பிக்கப்பெற்ற இணுவில் மக்லியொட் வைத்தியசாலைக்குப் போனார்கள்; மற்றையோர் ஊர் மருத்துவிச்சியின் கையை நம்பினார்கள். நாற்பத்து மூன்றிலோ நாற்பத்து நான்கிலோ எட்டாம் பிள்ளையைப் பெற்றவளுக்கு மகளுக்கு முன்னால் சற்று நாணம் இருந்திருக்கலாமேயன்றி, "தேவையோ?" என்ற கேள்வியை அவளிடம் எவரும் கேட்கவில்லை. ஆகவே இன்று ஊரைத் திகைக்கச் செய்வது தாயின் வயதன்று. கலியாணமும் பிள்ளையும் இன்ன காலத்தில், இன்ன ஒழுங்கில் வரவேண்டும் என்று வகுத்து வைத்த வரிசை குலைந்து போனதே என்பது என் முடிவு.

அந்த வரிசையைக் குலைத்தவள் பிந்திப் பிள்ளை பெறும் பெண் அல்லள். 1990 ஓகஸ்டில் இராணுவம் ஊர்காவற்றுறையில் இறங்கியபோது எனக்கு வயது 18. புத்தகங்களையும் ஒரு மாற்றுடுப்பையும் எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலத்துக்கப்பால் யாழ்ப்பாணம் போன நாங்கள், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்த பேரிடம்பெயர்வில் தென்மராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும் போனோம். அண்ணன்மார் இருவரும் பிரான்சுக்குப் போய்ச் சேரும்வரை தங்கைமார் காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு அங்கே விசா கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். சீதனமாக எழுதிவைத்த வீட்டுக்குக் கூரை இல்லை, காணிக்குள் காலடி வைக்க அனுமதி இல்லை. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பின்னரே, 38ஆவது வயதில், எனக்கு விவாகம் நடந்தது. கழிந்த ஆண்டுகள் ஒவ்வொன்றையும் ஊரும் உறவும் நாடும் சேர்ந்தே செலவழித்திருக்க, "ஏன் இவ்வளவு பிந்தினாய்?" என்ற கணக்கை மாத்திரம் பெண்ணிடம் கேட்பது நீதியாகுமா?

விவாகத்துக்குப் பின் கேள்வியின் உருவம் மாறியது. குறிகட்டுவான் துறைமுகத்தில் படகுக்குக் காத்து நிற்கையில், நயினாதீவு நாகபூஷணி அம்மனிடம் புத்திர பாக்கியம் வேண்டி வரும் தம்பதியரை எப்போதும் காணலாம்; அக்கோயிலின் பெருமைகளுள் அதுவும் ஒன்று. முன்பின் அறியாத பெண்கள் கூட, என் கையிலிருந்த அருச்சனைத் தட்டைப் பார்த்துவிட்டு, "பிள்ளை குட்டி ஒண்டுமில்லையோ?" என்று கேட்டு, தமக்குத் தெரிந்த விரதங்களையும் சொல்லிவிட்டே படகேறுவார்கள். நானும் வேண்டினேன், அம்மன் சந்நிதியில் நின்ற வேளைகளில் மனம் தெளிந்ததும் உண்மை. ஆயினும் பிரார்த்தனை ஒன்றையே நம்பி வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடுவதற்கு முப்பத்தைந்து கடந்த பெண்ணுக்கு அவகாசம் இல்லை. இளம் தம்பதியர் ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாம். முப்பத்தைந்துக்கு மேல் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிடில் வைத்திய ஆலோசனை பெறவேண்டும் என்பதே மருத்துவ விதி. பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும்போதே அவளுடன் பிறந்தவை. அவளோடு சேர்ந்து அவையும் முதுமையடைகின்றன.

வைத்தியரிடம் போகும்போது கணவனும் கூடப் போகவேண்டும். பிள்ளையில்லாத் தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் ஆணிடமுள்ள குறையும் ஒரு காரணமாக இருக்கிறது என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. இருந்தும் "மலடி" என்ற கொடுஞ்சொல் பெண்ணுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. என் கணவர் எனக்கு முன்னதாகத் தம்மைப் பரிசோதிக்கச் சொன்னார். அந்த ஒரு செயல் எங்கள் வீட்டுக்குள் எவரும் எவரையும் குற்றஞ்சாட்டுவதற்கு இடமில்லாமற் செய்துவிட்டது.

கரு உண்டாவதற்கு முன்னரே குடும்பநல மருத்துவமாதைக் கண்டு பதிவு செய்துகொள்ளுங்கள். போலிக் அமிலக் குளிகையை அப்போதே தொடங்கவேண்டும். முதல் நாள் வயதைச் சொல்ல நான் தயங்கியபோது எங்கள் மருத்துவமாது மிஸ்ஸி சொன்னாள்: "அக்கா, வயதை மறைக்காமச் சொல்லுங்கோ. அதை வைச்சுத்தான் நாங்கள் உங்களைப் பாக்கிறது." நாற்பதுக்கு மேல் இரத்த அழுத்தமும் கர்ப்பகால நீரிழிவும் கூடுதலாக வரக்கூடும் என்பதால், இனிப்பு நீரைக் குடிக்கத் தந்து இரண்டு மணி நேரம் வாங்கில் இருத்திச் செய்யும் சீனிப் பரிசோதனையை எக்காரணங் கொண்டும் தவறவிடக் கூடாது. டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறக்கும் சாத்தியம் இருபத்தைந்து வயதில் ஆயிரத்துக்கு ஒன்றிலும் குறைவு. நாற்பதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. இந்த எண்ணைக் கேட்டு நான் பல இரவுகள் உறங்கவில்லை. பின்னர் அதே எண்ணை, நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது வருவதில்லை என்றும் வாசிக்கலாமே என்று எனக்கு எடுத்துக் காட்டியவரும் என் கணவரே.

தீவகத்துப் பெண்ணுக்கு வயதோடு கடலும் ஒரு விஷயம். நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடல்வழி குறுகியது. நெடுந்தீவிலிருந்தோ ஏறத்தாழ ஒரு மணி நேரப் பிரயாணம். சோளகம் அடிக்கும் மாதங்களில் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, அலை தூக்கிப் போடும்போதெல்லாம் வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்குண்டு. கடைசி மாதத்தை யாழ்ப்பாணத்தில், நல்லூரிலிருந்த மைத்துனி வீட்டிற் கழித்ததால், நோக்கண்ட இரவில் போதனா வைத்தியசாலைக்குப் போவது ஓட்டோவில் போகும் காரியமாயிற்று. "அவசரமெண்டால் கடற்படைப் படகு வரும்தானே" என்று ஆண்கள் இலேசாகச் சொல்வார்கள். முதிர்ந்த வயதில் தலைப்பிரசவம் காண்பவள் அந்த நம்பிக்கையில் தீவில் தங்கக் கூடாது.

இவ்வளவும் சொல்வதால் எந்த வயதிலும் பிள்ளை பெறலாம் என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். 2019 செப்டெம்பரில் ஆந்திரத்துக் குண்டூரில் 74 வயது மூதாட்டி ஒருவர் செயற்கைக் கருத்தரிப்பால் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்ற செய்தியைப் படித்தபோது, அவர் பல்லாண்டு சுமந்த ஏக்கத்தை நினைத்து நெஞ்சு கனத்தது. அக்குழந்தைகளின் பத்தாவது வயதை நினைத்தபோதோ அச்சமே மேலோங்கிற்று. 2021இல் இந்தியா இயற்றிய சட்டம் இத்தகைய சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயதெல்லை வகுத்தது நியாயமென்றே கருதுகிறேன். பெற்றவர்களின் ஆசையைப் போலவே பிள்ளையின் நெடுங்காலமும் கணக்கில் வரவேண்டும்.

அக்கணக்கை நாங்களும் போட்டோம். நான் 60ஆவது வயதில் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெறும்போது மகன் உயர்தர வகுப்பில் இருப்பான். ஆகையால் அவன் பேரில் மாதந்தோறும் ஒரு சிறு தொகை வங்கியிற் சேர்கிறது; வேலணைக் காணியின் உறுதியை அவன் தவழும் காலத்திலேயே ஒழுங்குசெய்தோம்; எங்களுக்கு ஏதும் நேர்ந்தால் அவனை யார் வளர்ப்பது என்பதை மைத்துனியுடன் வெளிப்படையாகப் பேசினோம். அபசகுனமான பேச்சென்று மாமி தடுத்தார். பேசி முடித்த பிறகு அவரே நிம்மதியாக உறங்கினார். பணக் கணக்கு ஒருபுறமிருக்க, கைத்துணையும் வேண்டும். பிள்ளை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிவுவரை எனக்குச் சரக்கரைத்துப் பத்தியக்கறி ஆக்கித் தந்தவர், முதலில் "தேவையோ?" என்று கேட்ட அதே பெரியம்மாதான். நாற்பதிற் பெற்றவளின் உடம்பு தேற நாட்பிடிக்கும். ஆலோசனை சொல்ல வருபவர்களிடம், குழந்தையை இரண்டு மணி நேரம் வைத்திருங்கள், நான் உறங்கவேண்டும் என்று கூச்சமின்றிக் கேட்டுவிடுங்கள்.